நோக்கம்: நடக்கிறதா என்று பார்க்க

அரச அலுவலகம் ஒன்றுக்கு ஒரு கடிதம் கிடைத்தால், குறித்த நாட்களுக்குள் அதற்குப் பதில் அனுப்ப வேண்டும். பதில் தயாராகத் தாமதமாகுமென்றால், கடிதம் கிடைத்ததையும் இறுதிப் பதில் பின்னர் வருமென்பதையும் தெரிவித்து ஓர் இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். இது விதி. முப்பத்து நான்கு வருட சேவையில் இதை நான் பலருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அதைப் பிழையில்லாமல் தட்டெழுதி, எங்கள் அலுவலகச் சுவரில் நாட்காட்டிக்கும் சாமிப்படத்துக்கும் நடுவில் ஒட்டி வைத்தவர் எங்கள் தட்டெழுத்தாளர். வருகிறவர்கள் நாட்காட்டியைப் பார்ப்பார்கள், சாமியைக் கும்பிடுவார்கள். நடுவில் இருந்ததை வாசித்தவர்கள் குறைவு.

அவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது, அவர் எந்தப் படிவத்திலும் எந்தக் கட்டத்தையும் காலியாக விடமாட்டார். நிருவாக உத்தியோகத்தராக இருந்த எனக்கு இது மகிழ்ச்சி தந்திருக்க வேண்டும். தரவில்லை. என் அனுபவத்தில் படிவத்தை முழுதாக நிரப்புகிறவர்கள் இரண்டு வகை. ஒன்று, புதிதாக வேலைக்கு வந்தவர்கள். மற்றது, எதையோ மறைக்கிறவர்கள். அவர் வேலைக்கு வந்து இருபத்தாறு வருடமாகியிருந்தது.

சிறிய உருவம். வெயிலோ மழையோ கறுப்புக் குடை. வலக்கைப் பெருவிரலில் எப்போதும் காபன் தாளின் நீலம். கல்யாணம் செய்யவில்லை. அதற்கு அலுவலகத்தில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். ஒருநாள் பியோன் சீனித்தம்பி நேரே கேட்டுவிட்டான். "ஆரும் ஒழுங்காக் கேக்கல்ல தம்பி" என்றார், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். அதுதான் உண்மையான காரணமாகவும் இருந்திருக்கும்.

நான் சொல்லச் சொல்ல அவர் தட்டுவார். ஒருமுறை, வயல் வட்டை வாய்க்கால் ஒன்றை "நேரில் சென்று பார்வையிட்டேன்" என்று ஓர் அறிக்கையில் சொன்னேன். தட்டும் சத்தம் நின்றது.

"எப்ப சேர் போன நீங்க?"

"போடுங்க மிஸ்."

"போடுறன் சேர். திகதி வேணுமே, அதுக்குத்தான் கேட்டன்."

திகதி ஒன்றைச் சொன்னேன். தட்டினார். அவர் முகத்தில் பரிகாசமோ குற்றச்சாட்டோ இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும்.

நாவலடியில், கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடந்த அந்த ஒடுங்கிய நிலத்தில்தான் அவரது வீடு இருந்தது. 2004 மார்கழியில் கடல் வந்து வீட்டையும் தாயையும் கொண்டுபோனது. பதினைந்தாம் நாள் அவர் வேலைக்கு வந்து, யாரோ கொடுத்த, அளவில்லாத சட்டையுடன், தன் இழப்புப் படிவத்தைத் தானே தட்டெழுதினார். ஆட்சேதம்: ஒன்று. தாய். வயது எழுபத்தெட்டு. சடலம் கிடைத்தது. அதன் கீழே பொருட்சேதம்: கதிரை நான்கு, அவற்றில் ஒன்றுக்கு மூன்று கால். வானொலி ஒன்று, இரண்டு வருடமாகப் பழுது. குடை ஒன்று.

அந்த மாதம் என் மேசைக்கு வந்த பட்டியல்களில் பெரும்பாலானவற்றில் ஒரு குளிர்சாதனப் பெட்டி இருந்தது. நான் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இழந்ததை எழுதக் கட்டமில்லாத படிவத்தில், சனம் இழக்காததை எழுதியது. ஆனால் அவரது பட்டியலைச் சரிபார்க்க வந்த உத்தியோகத்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சேர், பழுதான ரேடியோவ பழுதெண்டு எழுதுற ஆள நான் இண்டைக்குத்தான் பாக்கிறன். இந்த மனிசி என்னத்தயோ மறைக்குது."

சிரித்தேன். ஆனால் அந்த வசனம் எனக்குள் தங்கிவிட்டது.

அவர் தன்னாமுனையில் வாவிக்கரையோரமாக ஒரு அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். சில வாரங்களுக்குப் பிறகு பாதிக்கப்பட்ட ஊழியர்களுக்கு நிவாரணப் பொதிகள் வந்தன. பொதிக்கு ஓர் இலக்கம், ஆளுக்கு ஓர் இலக்கம். பலருக்குச் சட்டிபானை, நுளம்புவலை. அவருடைய இலக்கத்துக்கு விழுந்த பெட்டியில், எங்களில் யாருக்கும் தெரியாத மொழியில் ஏதோ எழுதியிருந்தது. விநியோகத் தாளில் "விளையாட்டுச் சாமான், குறைபாடுள்ளது" என்றிருந்தது. அது பொம்மை இயந்திரங்கள் செய்து பழகும் ஒரு தொகுதி. சவர்க்காரக் கட்டியைவிடப் பெரிதான ஒரு சாம்பல் நிறப் பெட்டி. படத்தில் அதற்கு நேரே மனித மூளை வரைந்திருந்தது. முட்டினால் மூளைக்குச் சொல்லும் ஒரு பொத்தான். ஒரு ரிமோட். துளை போட்ட பிளாஸ்ரிக் சட்டங்கள் நூற்றுக்கணக்கில். மோட்டர் வைக்கும் இரண்டு குழிகளில் மட்டும் ஒன்றுமில்லை.

"அக்கா, என்ட சட்டிபானைக்கு மாத்துவமா?" என்றான் சீனித்தம்பி. அவனுக்குப் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள்.

"வேணாம் தம்பி. என்ட நம்பருக்கு விழுந்தது."

"மூளை மட்டும் இரிக்கு, மோட்டர் இல்ல. நம்மட கந்தோர் மாதிரி" என்றான், அலுவலகத்தைச் சுற்றிக் கையைக் காட்டி.

"மோட்டர் எங்கயாவது கிடைக்கும்" என்றார்.

அது கிடைத்தது, 2005 கடைசியில், என் தலைமையில் நடந்த ஏலத்தில். கடல்நீர் புகுந்த ஒரு பாடசாலையின் ஆய்வுகூடச் சாமான்களைக் கழித்து விற்றோம். அதில் ஒரு தகரப்பெட்டி. உள்ளே துருவேறிய துளைச் சட்டங்கள், பித்தளைப் பற்சக்கரங்கள், மூன்று சின்ன மோட்டர்கள். அதுவும் அதே மாதிரிப் பொம்மை இயந்திரத் தொகுதிதான், கால் நூற்றாண்டு பழையது. இரும்புக் கடைக்காரர் அதைத் தூக்கிப் பாரம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. பெருவிரல் நீலம்.

"இத வெச்சி என்ன செய்யப் போறீங்க அக்கா?" என்றார் கடைக்காரர்.

"இன்னும் தெரியா. மூண்டு மோட்டர் இரிக்கு."

போட்டியில்லை. பெட்டி அவருக்குப் போனது. நான் கையொப்பமிட்டேன். ஐம்பது வயதுத் தட்டெழுத்தாளருக்கு மோட்டர் எதற்கு என்று அன்று என் நாட்குறிப்பில் எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

மத்தியான இடைவேளையில் மேசை மேல் ஒரு மெழுகுசீலை விரித்து வேலையைத் தொடங்குவார். அவருக்கு இதில் ஆனா ஆவன்னா தெரியாது. தெரியாது என்பதை மறைக்கவும் தெரியாது. செய்த பிழைகளை அரைத்தாளில் தட்டெழுதி இலக்கமிட்டு வைப்பார். மூன்றை நான் வாசித்திருக்கிறேன்.

பிழை இல. 1: பழைய மோட்டரைப் புதிய பெட்டியில் நேரே கொடுத்தேன். புகை வந்தது. பெட்டி ஒன்பது வோல்ற், மோட்டர் நாலரை. முதலில் வாசித்திருக்க வேண்டும்.

பிழை இல. 2: பழைய சட்டத்தையும் புதிய சட்டத்தையும் துளைக்குத் துளை பொருத்தப் பார்த்தேன். பழையது அரை அங்குல இடைவெளி. புதியது எட்டு மில்லிமீற்றர். பொருந்தவில்லை. கோபத்தில் ஒன்றை வளைத்தேன். வளைத்தது என் பிழை.

பிழை இல. 4: இரண்டு மோட்டரையும் முகத்துக்கு முகம் வைத்தேன். ஒன்று முன்னே போக, மற்றது பின்னே போனது. ஒன்றின் வயரை மாற்றிக் கொடுத்தேன்.

இரண்டாவது பிழைக்கு அவர் கண்டுபிடித்த பரிகாரம் வினோதமானது. பழையதில் ஐந்து இடைவெளியும் புதியதில் எட்டு இடைவெளியும் ஏறக்குறைய ஒரே நீளம். அரை மில்லிமீற்றர்தான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தை, சைக்கிள் கடையில் வாங்கிய வால்வு ரியூப்பை நறுக்கி, ஆணிக்கு உறையாகப் போட்டு விழுங்க வைத்தார். அன்று முழுவதும் கந்தோரில் யார் எதைக் கேட்டாலும் "அஞ்சுக்கு எட்டு, அஞ்சுக்கு எட்டு" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒருநாள்தான்.

வோல்ற் பிரச்சினைக்கும் வழி கண்டார். எரிந்தது போக மீதியிருந்த இரண்டு மோட்டர்களையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இணைத்தால், ஒன்பது இரண்டாகப் பிரிந்து ஆளுக்கு நாலரை.

"ரெண்டு பழசு சேந்தாத்தான் ஒரு புதுசத் தாங்கும்" என்று சீனித்தம்பிக்கு விளக்கினார்.

"அப்ப நானும் பெரியையாவும் சேந்தா ஒரு புதுப் பியோனத் தாங்குவம்" என்றான் அவன், என் பக்கம் கண்ணைக் காட்டி. நான் கேட்டும் கேளாதமாதிரி இருந்தேன்.

மெல்ல மெல்ல ஒரு உருவம் வந்தது. பிளாஸ்ரிக் உடம்பு, துருவேறிய இரும்புக் கால்கள் நான்கு, முன்னே முட்டுப் பொத்தான். வாவிக்கரை நண்டை மல்லாக்காகப் போட்டு மறுபடி நிமிர்த்தியது போலிருந்தது. கந்தோரில் அதற்கு நண்டு என்றே பெயர்.

2006இல் யுத்தம் திரும்பி வந்தது, காலம் மாறியது. வயர், பற்றரி, ரிமோட் என்ற மூன்று சொற்களையும் ஒரே வசனத்தில் சொல்ல ஆளில்லாத காலம். யார் யாருக்குச் சொல்கிறார்கள், எந்தத் தரப்புக்குச் சொல்கிறார்கள் என்று தெரியாமல், பக்கத்து மேசைக்காரரிடம் நேரம் கேட்கவும் யோசித்தோம். அவர் அப்போது நண்டையும் சாமான்களையும் ஒரு பிஸ்கற் தகரத்தில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் வருவார். ஒருநாள் வழியில் சோதனைக்காக பஸ் நிறுத்தப்பட்டது. தகரத்தில் என்ன என்று சிப்பாய் கேட்டான்.

நடந்ததை மறுநாள் சீனித்தம்பி சொன்னான். அவனும் அதே பஸ்.

"எல்லாரும் சாமான் எண்டுதானே சேர் சொல்லுவாங்க? இவ சொல்றா, ரிமோட் ஒண்டு, மோட்டர் ரெண்டு, எரிஞ்ச மோட்டர் ஒண்டு, பற்றரி ஆறு, வயர் ஏழு துண்டு. பஸ் முழுக்க வெயிலுக்குள்ள முக்கா மணித்தியாலம். நான் கேட்டன், என்னகா, சாமான் எண்டு சொன்னா வாய் நோகுமா எண்டு."

"சாமான் எண்டா என்ன சாமான் எண்டு மறுகா கேப்பாங்க" என்றார் அவர், தட்டிக்கொண்டே. "ரெண்டு தரம் கேக்க வெச்சா அவங்களுக்கும் கரச்சல்."

அதன் பிறகு தகரத்தைக் கந்தோரில் தன் மேசை லாச்சியிலேயே வைத்தார். இரண்டு வாரத்தில் நண்டின் கடைசி ஆணியும் பூட்டியாயிற்று. ஒரு திங்கட்கிழமை இடைவேளையில் அதைச் சீமெந்துத் தரையில் வைத்தார். சுற்றிவரக் கந்தோர் முழுவதும். மூளைப் பெட்டியில் சிவப்பு வெளிச்சம். அவரது விரல் பொத்தானுக்கு மேலே. நான் என் அறையிலிருந்து வெளியே வந்தேன்.

"மிஸ், நிப்பாட்டுங்க."

"இன்னும் தொடங்கல்ல சேர்."

"அனுமதி இருக்கா?"

"என்னத்துக்கு சேர்?"

"தூர இருந்து இயக்கிற உபகரணம். மேலிடத்து அனுமதி வேணும்."

"எந்தச் சுற்றறிக்கை சேர்?"

இந்தக் கேள்வியை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. நான்தான் மற்றவர்களிடம் கேட்பேன். "இருக்கு" என்றேன். இருக்கும் என்று உண்மையாகவே நினைத்தேன். அந்த நாட்களில் மனதில் தோன்றும் எதற்கும் ஒரு தடை எங்கோ இருந்தது. அவர் விரலை எடுத்தார். நான் சொன்னால் விதி இருக்கும் என்று அந்தக் கந்தோரில் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

அன்று பின்னேரமே விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. "நோக்கம்" என்ற கட்டத்தில், "நடக்கிறதா என்று பார்ப்பதற்கு" என்றிருந்தது. கூப்பிட்டேன்.

"மிஸ், இதென்ன?"

"நோக்கம் சேர்."

"இப்படிப் போட்டா ஆர் அனுமதி தருவான்? கல்வி எண்டு போடுங்க. கல்வி எண்டா ஒருவரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

"ஆருக்குக் கல்வி சேர்?"

"ஆருக்கோ! பாடசாலைப் பிள்ளையளுக்கு எண்டு வைங்களன்."

விண்ணப்பத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இருபத்தாறு வருசமா மத்தாக்கள்ட நோக்கத்தத்தான் சேர் தட்டுறன். அதில எது மெய், எது பொய் எண்டு நான் கேக்கல்ல. என்ட பேரில போறது ஒண்டாவது மெய்யா இரிக்கட்டும்."

வாய்க்கால் எனக்கு நினைவு வந்தது. அவருக்கும் வந்திருக்கும்.

மேலிடத்துக்கு ஒரு கடிதத்தை அனுப்பும்போது எங்களுக்கு இரண்டு வழி உண்டு. "சிபாரிசு செய்யப்படுகிறது" என்று எழுதினால், நாளைக்கு ஏதும் நடந்தால் எழுதினவனும் பொறுப்பு. "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது" என்று எழுதினால், எழுதினவன் ஒரு தபால்பெட்டி. நான் தபால்பெட்டியானேன்.

பதில் வரும்வரை நண்டைத் தகரத்தில் போட்டு, அரக்கு முத்திரையிட்டு, என் இரும்பு அலுமாரியில் பூட்டினேன். அவர் பட்டியல் ஒன்றை இரண்டு பிரதியில் தந்தார். எரிந்த மோட்டர் எதிரே அடைப்புக்குறிக்குள் "என் பிழை". பற்றரிகளைக் கழற்றி வைத்தேன். களஞ்சியப் பொருளில் பற்றரி இருக்கக்கூடாது. அந்த விதி நிச்சயமாக இருக்கிறது.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் என் அறை வாசலில் நிற்பார்.

"பதில், சேர்?"

"இல்ல மிஸ்."

"சரி சேர்."

இவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு ஒரு நினைவூட்டல் கடிதம் அவரே தட்டிக் கொண்டுவருவார், நான் கையொப்பமிடுவேன். பதிலும் இல்லை, இடைக்காலப் பதிலும் இல்லை. இதற்கிடையில் வாகரையிலிருந்தும் வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்தும் சனம் சனமாக இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடங்களை நிரப்பியது. அவர்களுடைய படிவங்களை அவர் காலையிலிருந்து மாலைவரை தட்டினார். திங்கட்கிழமைக் கேள்வியை மட்டும் விடவில்லை.

2007இல் ஒருநாள் காலையில் சிப்பாய்கள் கந்தோரைச் சோதனையிட வந்தார்கள். அலுமாரியைத் திறக்கச் சொன்னார்கள். தகரம் வெளியே வந்தது. அதிகாரி முத்திரையை உடைத்து உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது யாருடைய?"

விதிப்படி அது என் பொறுப்பிலிருந்த பொருள். என் சாவி, என் முத்திரை, என் அலுமாரி. நான் வாயைத் திறக்க எடுத்துக்கொண்ட நேரம் அதிகமில்லை. ஆனால் அந்த நேரத்துக்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்னுடையது. ரிமோட் ஒண்டு, மோட்டர் ரெண்டு, எரிஞ்ச மோட்டர் ஒண்டு. பட்டியல் இருக்கு."

தகரத்தையும் அவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கந்தோரில் யாரும் மத்தியானம் சாப்பிடவில்லை. அவர் மேசையிலிருந்த குடையைச் சீனித்தம்பி எடுத்து, ஏன் என்று தெரியாமல், மூலையில் சாத்தி வைத்தான்.

நான்கு மணிக்கு அவர் திரும்பி வந்தார். தகரம் கையில். குடையைத் தேடினார்.

"என்னகா நடந்த?" என்றான் சீனித்தம்பி, அழுகிற குரலில்.

"பட்டியல வெச்சி ஒவ்வொண்டா எண்ணினாங்க. சரியா இரிந்திச்சி. எதுக்கு எண்டு கேட்டாங்க. நடக்குதா எண்டு பாக்க எண்டன். கனநேரம் ஒருத்தருக்கொருத்தர் பேசினாங்க. மறுகா பெரியவர், சரி, நடக்கட்டும், பாப்பம் எண்டார்."

"நடந்திச்சா?"

"எங்க நடக்கிற? பற்றரி இல்லியே." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

கந்தோர் சிரித்தது, பயம் விட்ட சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. தகரத்தை வாங்கி மறுபடி முத்திரையிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரே யோசனை. அந்தக் காலத்தில் கொண்டுபோகப்பட்டவர் திரும்பி வராவிட்டால் சனம் அழும். அன்றே திரும்பி வந்தால் சனம் ஒதுங்கும். காலையில் ஏற்றினார்கள், மாலையில் இறக்கிவிட்டார்கள். ரிமோட்டோடு. ஏன்? யாருக்குத் தெரிந்தவர் இவர்? எல்லாவற்றையும் சொல்கிற ஆள் அங்கே எதையெல்லாம் சொல்லியிருப்பார்? வாய்க்காலைச் சொல்லியிருப்பாரா?

அந்த வாரம் இரகசியக் கடிதங்களை அவரிடம் கொடுப்பதை நிறுத்தினேன். அதற்கடுத்த வாரம் நானே என் கையால் ஒரு கடிதம் எழுதினேன். "இரகசியம்" என்று மேலே போட்டேன். இவ்வுத்தியோகத்தர் தூரத்திலிருந்து இயக்கும் உபகரணமொன்றைத் தயாரித்துள்ளார் என்றும், நோக்கம் திருப்திகரமாக விளக்கப்படவில்லை என்றும், இவரது தொடர்புகள் பற்றி அறிவது உசிதம் என்றும் எழுதினேன். அந்த வருடத்தில் இப்படி மூன்று வரி ஒரு மனிதரை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று இங்கே எழுதலாம்தான். தட்டெழுத அவர் இல்லை, திகதி கேட்கவும் ஆளில்லை.

கடிதம் போனது. ஒன்றும் நடக்கவில்லை. மேலிடத்தில் யாரோ அதைக் கோப்புக் கோவையில் போட்டு, கோவையை இன்னொரு கோவையின் மேல் வைத்திருக்க வேண்டும். அரச சேவையின் தாமதத்தை என் வாழ்நாள் முழுவதும் திட்டியிருக்கிறேன். அந்த ஒரு தாமதத்தை மட்டும் திட்டுவதில்லை.

"பதில், சேர்?"

"இல்ல மிஸ்."

"சரி சேர்."

2009 வைகாசியில் யுத்தம் முடிந்தது என்றார்கள். அந்த வருடக் கடைசியில் அவர் ஓய்வுபெற்றார். பிரியாவிடைக்குக் கேக் வெட்டினோம். நான் அவரது நேர்மையைப் புகழ்ந்து பேசினேன். பேசும்போது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், திகதி கேட்கப்போகிறவர் மாதிரி. முடிந்ததும் என்னிடம் வந்து, மண்டூரில் தமக்கையின் வீட்டில் இருக்கப்போவதாகச் சொல்லி, விலாசம் தட்டெழுதிய துண்டு ஒன்றைத் தந்தார்.

"பதில் வந்தா இந்த விலாசத்துக்கு, சேர். தகரம் உங்கட பொறுப்பில."

"இப்பவே கொண்டுபோங்க மிஸ். இனி ஆர் கேக்கப்போறான்?"

"பதில் வரல்லியே சேர். போயித்து வாறன்."

பதில் வந்தது, மறு வருடம். அவருக்கு மூலப்பிரதி, எனக்கு நகல். தபாலைப் பிரித்தபோது முதலில் உள்ளடக்கத்தைத்தான் வாசித்தேன். குறித்த பொருள் விளையாட்டுப் பொருளாகையால் அதை வைத்திருக்கவோ இயக்கவோ எந்த அனுமதியும் தேவையில்லை; எக்காலத்திலும் தேவைப்பட்டிருக்கவில்லை. சம்பந்தப்பட்டவரைப் பற்றிப் பாதகமான தகவல் எதுவுமில்லை. நல்ல கடிதம் என்று நினைத்தேன். பிறகுதான் மேலே, வலப்பக்க மூலையில் இருந்த வரியைப் பார்த்தேன். "உமது இல." என்ற இடத்தில் இரண்டு இலக்கங்கள். ஒன்று அவருடைய விண்ணப்பம். மற்றது என் இரகசியக் கடிதம். இரண்டையும் ஒரே கோவையில் கண்ட யாரோ ஒரு எழுதுவினைஞர், இரண்டுக்கும் ஒரே பதிலில் கணக்கை முடித்துவிட்டார். இலக்கத்துக்குப் பின்னால் "இரகசியம்" என்பதையும் விடாமல், திகதியோடு போட்டிருந்தார்.

ஒரு தட்டெழுத்தாளர் கடிதத்தை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவார் என்பது எனக்குத் தெரியும். வலப்பக்க மூலையிலிருந்து.

நான்காம் நாள் அவர் வந்தார். மண்டூரிலிருந்து பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் வாவியைக் கடந்து, பஸ் பிடித்து, அதே கறுப்புக் குடையுடன். நான் எழுந்து நின்றேன். அவர் உட்காரவில்லை.

"ரெண்டாவது இலக்கம் நான் தட்டின கடிதம் இல்ல சேர்."

"இல்ல மிஸ்."

"திகதி, என்னக் கொண்டுபோனதுக்குப் பிந்தின திகதி."

"ஓம்."

"கொப்பி இருக்கா?"

"அது இரகசியக் கோவை மிஸ். காட்ட ஏலா."

தலையசைத்தார். விதி அவருக்கும் தெரியும். தகரத்தைக் கொடுத்தேன். பட்டியலை விரித்து, ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து ஆறு பற்றரிகளை எடுத்தார், பஸ்நிலையத்தில் வாங்கியவை, கடை உறையோடு. போட்டார். நண்டை என் அறைத் தரையில் வைத்தார். வாசலில் சீனித்தம்பியும் வேறு இரண்டு பேரும் வந்து நின்றார்கள். இந்த முறை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பொத்தானை அமர்த்தினார்.

முதலில் ஒரு முனகல். பிறகு ஒரு பக்கத்துக் கால்கள், மறுபக்கத்துக் கால்கள், கிறீச்சென்று, கோணலாக, குடித்தவன் படியேறுவது போல அது நடந்தது. நேரே என் மேசைக்குக் கீழே வந்தது. என் சப்பாத்தில் முட்டியது. ஒரு கணம் நின்றது. பிறகு பின்வாங்கி, வந்த வழியே அவரிடம் போனது.

"நடக்குதுகா!" என்று கத்தினான் சீனித்தம்பி.

"ஓம்" என்றார் அவர். "நடக்குது."

சிரிக்கவில்லை. குனிந்து அதை நிறுத்தி, தகரத்தில் வைத்தார். தகரத்தின் அடியிலிருந்த பிழைத் தாள்களை எடுத்து, கடைசித் தாளில் பேனையால் "பிழை இல. 9" என்று எழுதினார். எதிரே எதுவும் எழுதாமல் மடித்து வைத்தார். பொருளைப் பெற்றுக்கொண்டதாக எனக்குக் கையொப்பமிட்டார். குடையை எடுத்தார். "போயித்து வாறன்" என்று சீனித்தம்பியிடம் மட்டும் சொன்னார்.

இரண்டு மாதத்தில் நானும் ஓய்வுபெற்றேன். அலுமாரிச் சாவியை ஒப்படைத்து வந்த வாரம், அவருக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். முப்பத்து நான்கு வருடத்தில் என் சொந்த விஷயமாக நான் எழுதிய முதல் கடிதம் அதுதான். நான்கு தரம் எழுதிக் கிழித்தேன். எப்படி எழுதினாலும் அலுவலகக் கடிதமாகவே வந்தது. கடைசியில் இதைத்தான் எழுதினேன். அந்தக் கடிதத்தை எழுதியது நான். அது பொய். எழுதும்போதே அது பொய்யாக இருக்கலாம் என்று தெரியும். சோதனையன்று தகரம் என் பொறுப்பில் இருந்தது, நான் பேசவில்லை. சுற்றறிக்கை எதுவும் இருக்கவில்லை. வாய்க்காலுக்கும் நான் போகவில்லை. இவற்றை மன்னிக்க முடியுமா என்பதை அறியத்தரவும்.

பதிவுத் தபாலில் அனுப்பினேன். குறித்த நாட்கள் கடந்தன. நினைவூட்டல் அனுப்ப எனக்கு முகமில்லை. தையில் பெருவெள்ளம் வந்து மண்டூர்ப் பக்கம் வாரக்கணக்கில் தொடர்பற்றுக் கிடந்தது. வெள்ளம்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திங்கட்கிழமைகளில் தபாற்காரரின் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்குப் போய் நிற்பேன். "இல்ல சேர்" என்பார். "சரி" என்பேன்.

பிறகு ஒருநாள் அது வந்தது. கனமான பழைய எழுத்துகளில் தட்டியது, ஒரு பிழையில்லை. மேலே வலப்பக்க மூலையில் என் கடிதத்தின் திகதி, சரியாக. நடுவில் மூன்றே வசனம்:

"உங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன். அது என் கவனத்தில் உள்ளது. இறுதிப் பதில் பின்னர் அனுப்பப்படும்."

கீழே கையொப்பம். அதன் அருகில், தாளின் ஓரத்தில், ஒரு நீலப் பெருவிரல் அடையாளம். கிடைத்த கடிதத்தின் மூலையில் திகதி இடுவது என் பழைய பழக்கம். பேனையை எடுத்து இட்டேன்: 2011 மார்ச் 9, புதன்கிழமை.